ரத்தினத்தின் நெஞ்சில் காது வைத்த பிள்ளைகள்

போன வாரம் டோல்கேட் சிக்னலில் ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்திருந்தேன். வைக்கோல் ஏற்றிய லாரி ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. டீசல் புகையையும் மடியில் மீன் பையோடு இருந்த அம்மாவையும் தாண்டி, ஈர வைக்கோல் வாசனை குப்பென்று ஏறியது. ராயபுரத்தில் பிறந்து வளர்ந்தவளுக்கு வைக்கோலோடு என்ன உறவு என்று கேட்பீர்கள். எனக்கு அது முனிரத்தினத்தின் சட்டை வாசனை.

நர்ஸ் படிப்பை முடித்ததும் எனக்குக் கிடைத்த முதல் வேலை, பொன்னேரிக்கு அந்தப் பக்கம் வயல்களுக்கு நடுவில் இருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தில். தினமும் ராயபுரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி ஏறுவேன். எண்ணூர் வரை கம்பெனிக்குப் போகிறவர்கள் நெருக்கித் தள்ளுவார்கள். அதற்கப்புறம் பெட்டியில் நானும் காற்றும்தான். ஜன்னலோரம் தூங்கிப்போய் கும்மிடிப்பூண்டி வரை போய்த் திரும்பிய நாள்களும் உண்டு. டாக்டரிடம் வண்டி லேட் என்று சொல்வேன். அவரும் நம்புவதுபோல் தலையாட்டுவார்.

முதல் நாள் ஒரு பாட்டியிடம், "இன்னாம்மா, எங்க வலிக்கிது? மூச்சு வாங்குதா? சொல்லு, க்யூ நிக்கிதில்ல" என்று எங்கள் தெரு வேகத்தில் கேட்டுவிட்டேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், ஒல்லியாக ஒருவன்.

"சிஸ்டருக்கு மெட்ராஸுங்களா?"

"ராயபுரம்."

"ரெண்டும் ஒண்ணுதான?"

"ஒண்ணா? எங்க நைனா காதுல வுழுந்துச்சு, நீ காலி."

அவன்தான் முனிரத்தினம். இருபத்துநான்கு வயது. அப்பா இல்லை, அம்மாவும் இரண்டு காணி நிலமும் உண்டு. சின்ன வயதில் தொண்டை வலியும் காய்ச்சலும் வந்து, பிறகு முட்டி வீங்கியிருக்கிறது. பனி ஒத்துக்கொள்ளவில்லை என்று அம்மா பத்துப் போட்டிருக்கிறார். வீக்கம் வடிந்தது. ஆனால் அந்தக் காய்ச்சல் இதயத்தின் வால்வைக் கெடுத்துவிட்டுப் போனது பல வருடம் கழித்துத்தான் தெரிந்தது. மேலும் கெடாமல் இருக்க மூன்று வாரத்துக்கு ஒரு ஊசி. இடுப்பில் போட்டால் இரண்டு நாள் நொண்ட வைக்கும் ஊசி அது.

நாற்று நடும்போது கொஞ்ச நேரத்திலேயே அவனுக்கு மூச்சு வாங்கும். வரப்பில் உட்கார்ந்துகொள்வான். "பாக்குறவங்க நான் பெரிய பண்ணையாருன்னு நெனச்சிக்கினு போறாங்க சிஸ்டர்" என்பான்.

ஒரு நாள் அவனுடைய பழைய மொபெட்டின் பின்னால் ஒரு தாயும், அவள் மடியில் எட்டு வயதுப் பெண் குழந்தையும் வந்து இறங்கினார்கள். குழந்தையின் பெயர் கலை. இரண்டு முட்டியும் வீங்கியிருந்தன. டாக்டர் பார்த்துவிட்டு அதே காய்ச்சல்தான் என்றார். தொடர்ந்து ஊசி போட வேண்டும். அந்தத் தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். "இந்த ஊசி போட்டா கால் வெளங்காதுன்னு சொல்றாங்க. வேணாம்."

நான் சத்தம் போட்டேன். என் சத்தத்துக்கு ராயபுரத்தில் வேண்டுமானால் மரியாதை இருக்கலாம், அங்கே இல்லை. அவள் வாசல்வரை போய்விட்டாள். ரத்தினம் குறுக்கே போய் மண்டியிட்டு, சட்டைப் பொத்தான்களைக் கழற்றினான்.

"கலை, இங்க காத வச்சிக் கேளு. இன்னா சத்தம்?"

குழந்தை காதை வைத்தது. "புஸ்ஸு புஸ்ஸுன்னு கீது மாமா."

"இப்ப உங்கம்மாவுது கேளு."

கேட்டது. "டொப்பு டொப்புன்னு."

"உன்னுதும் அப்டித்தான் இருக்கணும். அதுக்குத்தான் ஊசி."

பிறகு அந்தத் தாயும் கூச்சத்தோடு குனிந்து அவன் நெஞ்சில் காது வைத்தாள். நிமிர்ந்தவள் குழந்தையோடு உள்ளே வந்தாள். ஊசி போடும்போது கலை அவன் கையைக் கடித்ததில் பல் பதிந்துவிட்டது. அவன் எல்லாரிடமும் அதைக் காட்டிக்கொண்டு திரிந்தான்.

அதிலிருந்து சுற்று வட்டாரத்தில் எந்தப் பிள்ளைக்குத் தொண்டை வலி, முட்டி வலி என்றாலும் மொபெட் வந்து நிற்கும். வர மறுத்த வீடுகளில் நெஞ்சைத் திறந்து காட்டுவானாம். எத்தனை பிள்ளைகள் காது வைத்தார்களோ!

அவனுக்கு ஆபரேஷன் தேவை என்றார் டாக்டர். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் அழைத்துப்போனேன். திருவொற்றியூர் வந்ததும் ரத்தினம் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"எப்டி சிஸ்டர் இங்க மூச்சு வுடுறீங்க?"

"மூக்க வூட்லயே வச்சிட்டு வருவோம்."

அன்றைக்கு எங்கள் வீட்டில் சாப்பிட்டான். துறைமுகத்தில் வேலை பார்த்த நைனா, வவ்வால் மீனில் பெரிய துண்டாகப் பார்த்து அவன் தட்டில் வைத்தார். "உங்க அரிசி, எங்க மீனு. இன்னா குறைச்சல்? ஆபரேஷன முடிச்சிக்கினு நேரா இங்க வா."

நெல் அறுப்பு முடிந்ததும் வந்து ஆபரேஷன் செய்துகொள்வதாகச் சொன்னான். நான் இன்னும் கொஞ்சம் சண்டை போட்டு அப்போதே ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்க வேண்டும். இத்தனை வருடத்தில் பல தடவை அந்தச் சண்டையை மனசுக்குள் போட்டிருக்கிறேன். கதிர் பால் பிடித்த சமயத்தில் காய்ச்சல் வந்தது. நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டது. நான்காம் நாள் மத்தியானம் போய்விட்டான். இருபத்தாறு வயது.

அந்த நெல்லை அறுத்தது கலையின் வீட்டாரும் மற்றப் பிள்ளைகளின் வீட்டாரும். அடுத்த ஊசி நாளில், இனி யார் வரப்போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டே போனேன். வாசலில் வரிசை நின்றது. கலை தன் அம்மாவை இழுத்துக்கொண்டு முதல் ஆளாக நின்றாள்.

போன பொங்கலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தேன். ரத்தினத்தின் நிலம் இருந்த இடத்தில் கண்டெய்னர்கள் அடுக்கியிருக்கிறார்கள். வரப்பு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. கலைக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். "நாலு மூட்ட தூக்குவேன் சிஸ்டர்" என்று சிரித்தாள். சுகாதார நிலையத்துக்குப் புதுக் கட்டடம். அங்கே இருந்த இளம் நர்ஸிடம், அந்த ஊசிக்கு இப்போது எந்தக் கிழமை வரிசை என்று கேட்டேன்.

அந்தப் பெண் விழித்தாள். "வரிசையா? நான் வந்ததுலேந்து இந்த ஊர்ல ஒரு கொழந்தைக்குக்கூட அந்தக் காய்ச்சல் வந்ததில்லீங்களே, மேடம்."