ஐந்தாவது சட்டை

சிறைச்சாலையின் துணிக் கிடங்கில் இருபத்துநான்கு வருடமாக வேலை பார்த்தவரை எல்லோரும் மூட்டைக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள். சம்பளப் பட்டியலில் வேறு பெயர் இருந்தது. யாராவது அதைச் சொல்லிக் கூப்பிட்டால், அது தன்னைத்தானா என்று ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் திரும்புவார்.

உள்ளே வருகிறவன் போட்டிருந்த துணியை வாங்கி, மூட்டையாகக் கட்டி, எண் அடித்த தகர வில்லையைக் கோர்த்து அலமாரியில் வைக்க வேண்டும். அவன் வெளியே போகிற நாளில் எடுத்துக் கொடுக்க வேண்டும். இதுதான் அவர் வேலை. நடுவில் இரண்டு மாதமும் ஆகலாம், இருபது வருடமும் ஆகலாம். அதற்குமுன் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் இருந்தார். "அங்க துணி வெளுத்து வரும், ஆள் வருவானான்னு தெரியாது. இங்க துணி இருக்கிற வரைக்கும் ஆள் வருவான்" என்று புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வார். அதில் அவருக்கு ஒரு சின்னப் பெருமை.

வேலைக்குச் சேர்ந்த முதல் வருடத்தில், பதினோரு வருடம் உள்ளே இருந்த ஒருவரிடம் அவருடைய சட்டையைப் பிரித்துக் கொடுத்தார். பூச்சி அரித்து முதுகெல்லாம் சல்லடையாக இருந்தது. அந்த மனிதர் முதுகைச் சுவரோடு ஒட்டிக்கொண்டே வாசல்வரை நடந்துபோனார். மூட்டைக்காரருக்கு அன்று சோறு இறங்கவில்லை. அதற்குப் பிறகு அவராகவே ஒரு பழக்கம் வைத்துக்கொண்டார். விடுதலைக்கு முந்தின நாள் காலையில் அந்த ஆளின் துணியைத் துவைத்து, கிடங்குக்குப் பின்னால் இருக்கும் கொடியில் வெயிலுக்குப் போடுவார். மாலையில் கிழிசலைத் தைத்து, தேய்த்து, மடித்து வைப்பார். இப்படிச் செய்யச் சொல்லி எந்த விதிப்புத்தகத்திலும் இல்லை.

அந்தக் கொடிக்கு எதிரேதான் தச்சுப் பட்டறையின் ஜன்னல்கள் இருந்தன. கைதிகள் மரம் இழைத்துக்கொண்டே கொடியைப் பார்ப்பார்கள். நாளடைவில் "சட்டை வெயிலுக்கு வந்திடுச்சு" என்றால் விடுதலை என்று பொருள் ஆகிவிட்டது. கண்காணிப்பாளர்கூட ஒருமுறை சிரித்தார். "என் கையெழுத்தைவிட உன் கொடிக்குத்தான்யா இங்க மதிப்பு."

அந்தப் பட்டறையில் டிரைவர் ஒருவர் இருந்தார். முப்பத்தைந்து வயது இருக்கும். வாடகைக்குச் சின்ன லாரி ஓட்டியவர். ஒரு கட்சி நடத்திய வேலைநிறுத்தத்தின்போது நான்கு பேர் அவர் வண்டியைப் பிடித்தார்கள். பொதுக்கூட்ட மேடைக்கு ஜெனரேட்டர் டீசல் என்று சொல்லித் தகர டப்பாக்களை ஏற்றினார்கள். ஓர் அரசு அலுவலகத்தின் பின்பக்கம் நிறுத்தச் சொன்னார்கள். இவர் என்ஜினை அணைக்காமல் உட்கார்ந்திருந்தார். அலுவலகம் எரிந்தது. உள்ளே இருந்த காவலாளி செத்துப்போனார். ஐந்து பேருக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு வருடம். டப்பாவில் என்ன இருந்தது என்று தனக்குத் தெரியாது என்று டிரைவர் கோர்ட்டில் அழுதார். நீதிபதி கொஞ்சம் இரக்கப்பட்டதுபோல, "இவருக்கு அரசியல் நோக்கம் எதுவும் இல்லை, கூலிக்காகச் சென்றவர்" என்று தீர்ப்பில் ஒரு வரி எழுதினார். ஆனால் தண்டனையைக் குறைக்கவில்லை. டிரைவரின் மேல்முறையீடு நான்கு வருடமாகப் படுத்துக் கிடந்தது.

பிறகு ஆட்சி மாறியது. அந்த நான்கு பேருடைய கட்சி பதவிக்கு வந்தது. ஒருநாள் தேநீர் நேரத்தில் வானொலியில் அறிவிப்பு வந்தது. முந்தைய ஆட்சியில் அரசியல் காரணத்தால் தண்டனை பெற்றவர்களுக்குப் பொதுமன்னிப்பு. செத்துப்போன காவலாளியின் வீட்டில் இருப்பவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அலுவலக எழுத்தர் வராந்தாவில் போகிற போக்கில் சொன்னார். "அந்தத் தீவைப்புக் கேஸ்காரங்க நாளைக்குப் போறாங்க. துணியை எடுத்து வைச்சிடுங்க."

கேஸ் என்றால் ஐந்து பேர். மூட்டைக்காரர் ஐந்து மூட்டைகளையும் பிரித்தார். நான்கு சட்டைகள் நல்ல விலை கொடுத்து வாங்கியவை. ஐந்தாவது நீலச் சட்டை, இடது கை மடிப்பில் கிரீஸ் கறை. அந்தக் கறைக்கு மட்டும் தனியாகச் சோப்புப் போட்டுத் தேய்த்தார். பாதிதான் போனது. ஐந்தையும் வரிசையாகக் கொடியில் போட்டார்.

பட்டறையில் இழைப்புளிச் சத்தம் நின்றது. யாரோ கைதட்டினார்கள்.

"யோவ் டிரைவர், உன் நீலச் சட்டை பறக்குதுய்யா!"

"முதலாளி, வெளிய போய் எங்களை மறந்திடாதீங்க!"

"மறப்பாரா? நமக்கெல்லாம் வண்டி அனுப்புவாரு. இந்தத் தடவை டப்பா இல்லாம!"

டிரைவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. அன்று அவருக்கு வாரத் தொலைபேசி முறை. வீட்டுக்குப் பேசி, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார்.

மதியம் இரண்டு மணிக்குப் பட்டியல் வந்தது. அதில் நான்கு பெயர்தான் இருந்தது.

மூட்டைக்காரர் அடித்துப் பிடித்து எழுத்தரிடம் ஓடினார். "ஒரு பேரு விட்டுப்போச்சு சார்."

"விடலை. ஆணையைப் படிங்க. அரசியல் நோக்கத்தோட செஞ்சவங்களுக்குத்தான் மன்னிப்பு. இவருக்கு நோக்கமே இல்லைன்னு நீதிபதியே எழுதிட்டாரே."

"நோக்கத்தோட ஆளைக் கொன்னவன் வீட்டுக்குப் போறான். ஒண்ணும் தெரியாம வண்டியில உட்கார்ந்திருந்தவன் இங்க இருக்கணுமா?"

எழுத்தர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "நீங்க கேக்கறது நியாயம்தான். ஆனா நியாயத்துக்கு இங்க பிரிவு கிடையாது அண்ணே. நான் பேரை டைப் அடிக்கிறவன், சேர்க்கிறவன் இல்லை."

மூட்டைக்காரர் கொடிக்குப் போனார். நீலச் சட்டை காய்ந்திருந்தது. நூறு கண்கள் ஜன்னலில் இருப்பது திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அந்த ஒரு சட்டையை மட்டும் எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். நேராகப் பட்டறைக்குள் போனார்.

"தம்பி, தப்பு என்னுது. நான் பட்டியலைப் பார்க்காமப் போட்டுட்டேன்."

டிரைவர் சட்டையைத் தொட்டுப் பார்த்தார். "நல்லாத் துவைச்சிருக்கீங்கண்ணே" என்றார். பிறகு, "பொண்ணுகிட்டச் சொல்லிட்டேனே" என்றார்.

மறுநாள் வாசலில் பூச்செண்டும் கேமராவும். மூட்டைக்காரர் டிரைவரைப் பற்றிக் கேட்டதும், நால்வரில் மூத்தவர் கையில் கட்டியிருந்த கடிகாரத்தைச் சரிசெய்துகொண்டு, "அவனுக்கும் பேசறோம். நம்ம பையனை விட்டுடுவோமா?" என்றார். காரின் கதவு மூடியது. அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர்களிடமிருந்து ஒரு கடுதாசிகூட வரவில்லை.

மூட்டைக்காரருக்கு மனசு ஆறவில்லை. உட்கார்ந்தால் எழுந்தால் அந்த ஜன்னல்தான் கண்முன் நின்றது. ஒரு வாரம் கழித்து எழுத்தரை மறுபடியும் பிடித்தார். எழுத்தர் ஏதோ கோப்பைப் புரட்டிக்கொண்டே, "அவரும் கட்சிக்காரர்தான், கொள்கைக்காகத்தான் செஞ்சாருன்னு ஒரு மனு இருந்தா மேல அனுப்பலாம்" என்றார். அவர் இதை அக்கறையோடு சொன்னாரா, ஆளை அனுப்பிவைப்பதற்காகச் சொன்னாரா என்று இன்றுவரை தெரியாது. மூட்டைக்காரர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

வீட்டில் மனைவியிடம் சொன்னார். அவர் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயாவாக இருந்தவர், ஊரில் பாதிப் பேரை மிரட்டி வளர்த்தவர்.

"வக்கீலைக் கேட்டீங்களா?"

"அந்த ஆளு மூணு மாசமா போனே எடுக்கலையாம்."

"துணி துவைக்கத் தெரிஞ்சா மனு எழுதத் தெரிஞ்சிடுமா? சும்மா இருங்க. ஏற்கெனவே ஒரு தடவை அந்தப் பிள்ளையை ஆசை காட்டி மோசம் பண்ணிட்டீங்க."

அந்தக் கடைசி வார்த்தைதான் அவரைச் சும்மா இருக்கவிடாமல் செய்தது. மூட்டைக்காரருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். கைதிகள் பலருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுநீளத் தாளோடு பட்டறைக்குப் போனார்.

"தம்பி, உனக்குக் கட்சி மேல ஏதாவது பிடிப்பு, கொள்கை அப்படின்னு..."

"எனக்கு இருந்த ஒரே கொள்கை டயர்ல காத்து சரியா இருக்கணும்ங்கிறதுதான்."

"விளையாடாத. இது வெளிய போற வழி."

அவர் விளக்கிச் சொன்னார். டிரைவரின் சிரிப்பு மெல்ல மெல்ல அணைந்தது.

"அப்போ, தெரிஞ்சேதான் போனேன்னு எழுதணும்."

"ஆமா."

"டப்பாவுல பெட்ரோல் இருந்தது எனக்குத் தெரியும்னு."

"வெளிய வர்றதுக்குத்தானே தம்பி. வந்ததுக்கப்புறம் யார் கேக்கப்போறா?"

"என் பொண்ணு ஏழாவது படிக்கிறாண்ணே. அப்பாவுக்குத் தெரியாது பாப்பான்னு அவகிட்டச் சொல்லியிருக்கேன். நாலு வருஷமா நான் அவளுக்குக் கொடுத்தது அது ஒண்ணுதான்."

டிரைவர் பெஞ்சில் படிந்திருந்த மரத்தூளைக் கையால் வழித்துத் தள்ளினார். பிறகு கேட்டார். "இன்னும் எட்டு வருஷம் இருக்கில்ல?"

"இருக்கு."

"அவளுக்கு இருபது ஆயிடும்." கையை நீட்டினார். "கொடுங்க."

டிரைவர் சொன்னது இரண்டே வரி. மூட்டைக்காரர்தான் அதை ஒரு பக்கம் ஆக்கினார். இன்னும் கொஞ்சம் எடுப்பாக இருக்கட்டும் என்று, "என் கட்சியின் கொள்கைக்காக, எல்லாம் தெரிந்தே, முழு மனதோடு இச்செயலில் ஈடுபட்டேன்" என்று எழுதினார். முழு மனதோடு என்பது அவராகச் சேர்த்தது. எழுதி முடித்தபோது நன்றாக வந்திருப்பதாக நினைத்தார்.

இரண்டு மாதத்தில் பதில் வந்தது. மனுதாரர் கட்சி உறுப்பினர் என்பதற்கு ஆதாரம் இல்லை. நீதிமன்றத்தில் அவரே கட்சியோடு தொடர்பில்லை என்று வாக்குமூலம் கொடுத்திருக்கிறார். ஆகவே நிராகரிக்கப்படுகிறது.

இதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. அடுத்த மாதம், நான்கு வருடம் படுத்துக் கிடந்த மேல்முறையீட்டுக்குத் திடீரென்று நாள் குறித்தார்கள். அரசுத் தரப்பு வக்கீல் ஒரு தாளை எடுத்து நீட்டினார். குற்றவாளி தன் கைப்பட ஒப்புக்கொண்டிருக்கிறார் என்றார். பத்து நிமிடத்தில் மேல்முறையீடு தள்ளுபடி ஆனது. கொள்கைக்காகச் செய்தேன் என்றபோது அந்தத் தாளை நம்பாதவர்கள், தெரிந்தே செய்தேன் என்றபோது நம்பிவிட்டார்கள். அதே தாள். அதே வரி.

சேதி தெரிந்த அன்று மூட்டைக்காரர் பட்டறை வாசலில் போய் நின்றார். டிரைவர் ஒரு நாற்காலிக் காலை இழைத்துக்கொண்டிருந்தார்.

"விடுங்கண்ணே" என்றார், நிமிராமல்.

காறித் துப்பியிருந்தால் தாங்கியிருப்பார். அந்த ஒரு சொல்லைத் தாங்க முடியவில்லை. அன்று ஒரு பூட்டைத் திறக்க நான்கு சாவிகளைப் போட்டுப் பார்த்தார். நான்கும் அவர் தினமும் கையாண்டவை.

பார்வையாளர் நாளில் டிரைவரின் மனைவி வந்தார். கணவரைப் பார்த்துவிட்டு நேராகக் கிடங்கு ஜன்னலுக்கு வந்து நின்றார். ஒரு துணி ஆலையில் நின்றபடியே வேலை செய்பவர். இங்கும் பெஞ்சு இருந்தும் உட்காரவில்லை. கைப்பையிலிருந்து மனுவின் நகலை எடுத்து ஜன்னல் பலகையில் விரித்தார்.

"இதுல கீழ இருக்கிறது என் வீட்டுக்காரர் கையெழுத்து. மேல இருக்கிறது யாரோடதுன்னு கேட்டா அவர் சொல்லமாட்டேங்கிறார். இங்க அழகா எழுதறவர் நீங்கதான்னு வார்டர் சொன்னாரு."

"நான்தாம்மா எழுதினேன்."

அந்த அம்மா அவர் முகத்தைப் பார்த்தார்.

"நல்லதுக்குன்னுதான் எழுதியிருப்பீங்க."

"ஆமாம்மா."

"எல்லாரும் நல்லதுக்குன்னுதாண்ணே ஏதாவது எழுதறாங்க. அந்த ஜட்ஜும் அப்படித்தான் ஒரு வரி எழுதினாரு." புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தார். அழுகை இல்லை, வியர்வைதான். "பேப்பர்ல வந்ததைப் பள்ளிக்கூடத்துல எவளோ எம் பொண்ணுகிட்டக் காட்டியிருக்கா. அவ என்னைக் கேக்கறா, அப்பா பொய் சொன்னது கோர்ட்லயா, மனுவுலயான்னு. நான் என்ன சொன்னாலும், நீ அம்மா, அப்படித்தான் சொல்லுவேங்கிறா."

"நான் என்ன செய்யணும் சொல்லுங்கம்மா. மேல இருக்கிறவங்களுக்கு இன்னொரு மனு..."

"மனு வேண்டாம். போதும்." அவர் நகலைத் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெறுமையாக இருந்தது. "இதுலயே எழுதுங்க. எம் பொண்ணுக்கு எழுதுங்க. அதே கையெழுத்துல இருந்தாத்தான் நம்புவா."

மூட்டைக்காரர் பேனாவை எடுத்தார். அரசுக்கு எழுதியது ஒரு மணி நேரத்தில் முடிந்திருந்தது. இப்போது முதல் வார்த்தைக்கே கை நகரவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண், பார்த்ததுகூட இல்லை, என்னவென்று கூப்பிடுவது? கடைசியில், "பாப்பாவுக்கு" என்று எழுதினார். பிறகு மெதுவாக, ஒவ்வொரு சொல்லாக எழுதி, தலையைத் தூக்காமல் படித்துக் காட்டினார்.

"இந்த மனுவில் உன் அப்பாவுடையது கையெழுத்து மட்டும்தான். வார்த்தைகள் என்னுடையவை. டப்பாவில் என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியாது. வீட்டுக்கு வந்து உன்னைப் பார்க்க வேண்டும் என்றுதான் கையெழுத்துப் போட்டார்."

நேரம் முடிந்ததற்கான மணி அடித்தது. வார்டர் பார்வையாளர்களை வாசல் பக்கம் போகச் சொன்னார். டிரைவரின் மனைவி நகரவில்லை. விரலால் தாளைத் தட்டினார்.

"அந்த 'முழு மனதோடு'ங்கிறது யாரு சேர்த்ததுன்னும் எழுதுங்கண்ணே. அதைப் படிச்சிட்டுத்தான் அவ அழுதா."

அவர் அதையும் எழுதினார்.