உப்புக் கிணற்றின் மண்

குழாய்க் கிணறு போடும் கலியமூர்த்திக்கு 1958 கோடையில் வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. மூலக்குளத்தில் வீராயி வீட்டு வாசலில் அவர் இறக்கிய குழாயில் உப்புத் தண்ணீர் வந்தது. எங்கள் தெருவே குடிதண்ணீருக்கு அதைத்தான் நம்பியிருந்தது.

பக்கத்துத் தெருவில் முன்பே குழாய் போட்டவர் பலராமன். அடியில் கறுப்புக் களி வரும், அதைத் துளைத்தால் உப்பு ஏறும் என்று அவருக்குத் தெரியும். மூச்சு விடவில்லை.

"என் மண்ணு, என் தொழிலு. உங்கிட்ட எதுக்குடா சொல்லணும்?" என்றார், கலியமூர்த்தி போய்ச் சண்டை பிடித்தபோது.

சர்க்கார் தண்ணீர் அலுவலகம் மட்டும் ஒழுங்கா? பிரெஞ்சுக்காரர் காலத்திலிருந்து ஊரெங்கும் தோண்டிய மண்ணைச் சீசாக்களில் அடைத்து, ஆழம் எழுதி, பூட்டி வைத்திருந்தார்கள். அதில் பாதி கலியமூர்த்தி கொடுத்தது. பார்க்க வேண்டும் என்று அவர் போய்க் கேட்டபோது, குமாஸ்தா மேலதிகாரியைச் சொல்லிக் கைவிரித்தார்.

"ஷெஃப் கையெழுத்து வேணும்யா. ஷெஃப் பாரீசுக்குப் போயிட்டாரு."

"மண்ணுமா பாரீசு மண்ணு, மிசியே?"

வீடு திரும்பியவர், தான் போட்ட ஒவ்வொரு கிணற்றிலும் எடுத்து முடிந்து வைத்திருந்த மண் பொட்டலங்களைப் பிரித்தார். ரெட்டியார்பாளையம் சாலையைப் பார்த்த சுவரில் கிணற்றுக்கு ஒரு பட்டையாகக் குழைத்துப் பூசினார். மேல்மண் மேலே, அடிமண் அடியில். பக்கத்தில் கரியால் தெருப்பெயரும் மீட்டரும்.

"யார் வேணா பாத்துக்கோங்க. எவன் காலுலயும் விழாதீங்க!"

பலராமன் சைக்கிளை நிறுத்தினார். "இதுக்குக் கற்பூரம் காட்டலியா? நாளைக்கு எவன்டா நம்மள கூப்பிடுவான்?"

அதற்குள் வீராயி வந்துவிட்டாள். சுவரை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க தெரு எங்கடா?"

"அது கெட்டுப்போன கெணறுக்கா. அத எதுக்கு?"

"நல்லா வந்ததெல்லாம் செவுத்துல, எங்க வாயில உப்ப வெச்சது பொட்டலத்துலயா? அவன் மறைச்சான்னு குதிச்சியே, நீ என்ன பண்ற?"

"ஊரு சிரிக்கும், போக்கா!"

"சிரிக்கட்டும். நாங்க உப்பக் குடிக்கிறோம்ல?"

பலராமன்தான் முதலில் சிரித்தார். கலியமூர்த்தி பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே போனார். அந்தப் பொட்டலத்தைக் கொண்டுவந்து, சுவரின் நட்டநடுவில், உள்ளங்கையால் அறைந்து அறைந்து ஒட்டினார். 'மூலக்குளம். உப்பு. போட்டவன் கலியமூர்த்தி' என்று எழுதினார்.

தை மாதம் அதே தெருவில் மறு குழாய் போட வந்தவர் பலராமன். வரும் வழியில் சுவருக்கு முன்னால் நின்று, களி எங்கள் தெருவில் எத்தனை மீட்டரில் என்று பார்த்துவிட்டுத்தான் வந்தார். களிக்கு மேலேயே நிறுத்தினார். தண்ணீர் இனித்தது. மோர் கேட்டார்.

"செவுத்தப் பாத்துதான போட்ட?" என்றாள் வீராயி. "உன் மண்ணக் கொண்டாந்து ஒட்டு. அப்புறம் மோரு."

மோர் குடிக்காமலே போய்விட்டார். நான் பிரெஞ்சு தேசத்துக்குக் கப்பலேறியபோதும் கலியமூர்த்தி அவருக்காக விட்ட இடம் சுவரில் காலியாகவே இருந்தது. இங்கே மார்செய்யில் மழை பிடித்தால் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அந்த மண் கரையாமல், சுவருக்கு யாராவது ஒரு தென்னங்கீற்றாவது சாய்த்தார்களா?