விமானத்தின் மூக்கில் வைத்த சந்தனம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனை வருஷம் நோட்டைத் திறந்து திறந்து மூடினேன் என்பது எனக்கே தெரியாது. ஒவ்வோர் ஆயுத பூஜைக்கும் சந்தனம் குழைக்கிறபோது இந்த வருஷம் எழுதிவிட வேண்டும் என்று தோன்றும். பொரியும் கடலையும் தீர்ந்து, வீட்டைக் கூட்டி முடிப்பதற்குள் தைரியம் போய்விடும். நான் எட்டாவது வரை படித்தவள். அழகாக எழுத வராது. முருகன் படத்துக்கு விளக்கேற்றி வைத்துவிட்டு அதன் எதிரிலேயே உட்கார்ந்து நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். பிசகினால் அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் நடுவில் ஒரு தேயிலை எஸ்டேட். அங்கே எங்கள் அப்பா லாரி டிரைவர். அப்பாவின் தம்பி, எங்கள் சித்தப்பா, எஸ்டேட் ஃபாக்டரியில் ஃபிட்டர். கல்யாணம் ஆகாதவர். எஸ்டேட் ஆட்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில், அப்பா, அம்மா, அக்கா, நான் என்று எங்கள் நாலு பேரோடுதான் இருந்தார். எஸ்டேட் முதலாளியை எல்லாரும் துரை என்போம். வெள்ளைக்காரர்கள் போய் நாற்பது வருஷம் ஆகியும் அந்தப் பெயர் மட்டும் இறங்கிப் போகவில்லை. எங்கள் துரை பொள்ளாச்சிப் பக்கத்து மனிதர், சனிக்கிழமை தவறாமல் விரதம் இருப்பவர்.

அந்தத் துரைக்குப் பறக்கிற ஆசை வந்தது. ஒரு வருஷம் பெங்களூருக்குப் போய்ப் போய் ஓட்டக் கற்றுக்கொண்டு, பிறகு ஒரு சின்ன விமானத்தை லாரியில் துண்டு துண்டாக ஏற்றிக்கொண்டு வந்தார். அந்த லாரியை ஓட்டி வந்தது அப்பாதான். கொண்டை ஊசி வளைவுகளில் இறக்கை மரத்தில் இடிக்காமல் கொண்டுவந்து சேர்த்ததை அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். பழைய இலைக் கொட்டகையில் வைத்து அந்தத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்துப் பூட்டினார்கள். மேலே ஒற்றை இறக்கை, பின்னால் விசிறி, முன்னால் தூளி மாதிரி இரண்டு பேர் உட்காரும் இடம். பந்து விளையாடும் புல்வெளியைச் சமப்படுத்தி நீட்டினார்கள். புல்வெளி முடிகிற இடத்தில் தேயிலை ஆரம்பம். அதற்கு அப்பால் பள்ளம்.

விமானத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலை சித்தப்பாவுக்கு வந்தது. அன்றிலிருந்து அவர் நடையே மாறிப்போனது. அடுத்த வருஷம் பெங்களூருக்கு அனுப்பி ஆறு மாசம் விமான இன்ஜின் வேலை படிக்க வைப்பதாகத் துரை வாக்குக் கொடுத்திருந்தார். சித்தப்பா அந்த வாக்கைத் தினமும் துடைத்து வைப்பவர் போல நடந்துகொண்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் என்னைக் கொட்டகைக்குக் கூட்டிப்போவார். விமானத்தின் முன்னால் பென்சில் கனத்தில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். குளவி கூடு கட்டிவிடக் கூடாதென்று அதற்குச் சிவப்பு வெல்வெட்டில் குல்லா தைத்துப் போட்டிருந்தார். “இதுதான், சின்ன அம்மிணி, ப்ளேனுக்கு மூக்கு. காத்து இதுக்குள்ள போனாத்தான் துரைக்கு எத்தன வேகம்னு முள்ளு காட்டும்” என்றார். முள்ளும் வேகமும் என் மண்டையில் ஏறவில்லை. மூக்கு மட்டும் ஏறியது.

இன்சூரன்ஸ் என்ற வார்த்தையும் அவர் வாயிலிருந்துதான் எங்கள் வீட்டுக்குள் வந்தது. துரை கட்டின பணத்துக்கு முத்திரை போட்ட காகிதம் வந்திருந்தது. அதைச் சித்தப்பா கண்ணால் பார்த்துவிட்டு வந்து அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார்.

“ஏனுங்க அண்ணி, இது ஒடஞ்சு போனாலும் ஒண்ணும் கவலையில்லைங்க. கம்பெனிக்காரன் வேற புதுசு குடுத்துருவானுங்க.”

அம்மா அடுப்பிலிருந்து திரும்பாமலே, “அப்படியாங்க தம்பி. நம்ம ஊட்டுக் கூரைத் தகரத்துக்கும் ஒண்ணு எழுதி வாங்கியாங்க. மூணு எடத்துல ஒழுகுது” என்றாள்.

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. உடைந்தாலும் புதுசு வருமாம் என்று அதை அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன்.

எங்கள் எஸ்டேட்டில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. லாரி, டிராக்டர், ஜீப் எல்லாவற்றுக்கும் பூஜை போட்டபின், லைன் பிள்ளைகளை ஏற்றி ஒரு சுற்று கூட்டிப்போவார்கள். அந்த வருஷம் துரை, விமானத்துக்கும் பூஜை போடலாம், ஒரு பிள்ளையை ஏற்றி ஒரு சுற்று காட்டுகிறேன் என்று சொல்லிவிட்டார். எந்தப் பிள்ளை என்பதைச் சித்தப்பாவிடம் விட்டார். எனக்குச் சந்தேகமே இல்லை. கொட்டகைக்குப் போகிறவள் நான். குல்லாவைக் கழற்றி மாட்டத் தெரிந்தவள் நான்.

சித்தப்பா அக்காவைச் சொன்னார்.

அக்காவுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. எனக்கு ஒன்பது. பன்னிரண்டுக்குக் கீழே ஏற்றக் கூடாது என்று அந்த இன்சூரன்ஸ் காகிதத்தில் போட்டிருக்கிறதாம். சித்தப்பா எவ்வளவோ பொறுமையாக எடுத்துச் சொன்னார். என் காதில் விழுந்தது அக்காவின் பெயர் ஒன்றுதான். அவள் பாவாடை எனக்கு வரும். அவள் புத்தகம், பென்சில் டப்பா, சளிக்காகக் கழுத்தில் சுற்றும் மஃப்ளர் எல்லாம் பழசாகி எனக்கு வரும். ஆகாயத்தில் போய்வருவது எப்படிப் பழசாகி எனக்கு வரும்? அன்று ராத்திரி அக்கா போர்வைக்குள்ளிருந்து கிசுகிசுத்தாள். “நீ கீழ நின்னு கை ஆட்டு. நான் மேல இருந்து பாத்துக்கறேன்.” அவள் ஆசையாகச் சொன்னாளா, குத்திச் சொன்னாளா என்று இப்போதும் எனக்கு நிச்சயமில்லை. அப்போது நிச்சயமாக இருந்தது.

பூஜை அன்று மஞ்சு விலகி வெயில் அடித்தது. சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பூசணிக்காய் உடைத்தார்கள். பெட்ரோல் இருக்கிற இடம் என்பதால் கொட்டகைப் பக்கமே நெருப்பு கூடாது என்று துரை கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சூடத்தை இருபதடி தள்ளி நின்றுதான் காட்டினார்கள். ஊதுவத்தி கொளுத்தவே இல்லை. “அந்தக் கட்டு சின்ன அம்மிணி கையிலயே இருக்கட்டும், மாரியம்மன் கோயிலுக்குப் போயி பத்த வெச்சுக்கலாம்” என்றார் சித்தப்பா. என் ஒரு கையில் ஊதுவத்திக் கட்டு, இன்னொரு கையில் சந்தனக் கிண்ணம். அவர் விசிறிக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைத்தார். குல்லாவைக் கழற்றி அந்த மூக்கின் முனையிலும் ஒரு பொட்டு வைத்துவிட்டு மறுபடி மாட்டினார்.

பொரி கொடுக்கிறார்கள் என்றதும் எல்லாரும் ஜீப் பக்கம் போனார்கள். நான் போகவில்லை. குல்லாவைக் கழற்றினேன். சந்தனத்தை எடுத்துக் குழாய்க்குள் அப்பி, ஓர் ஊதுவத்தியைத் திருப்பி, அதன் குச்சியால் உள்ளே குத்தினேன். மூக்கை அடைத்தால் மூச்சு முட்டும், மூச்சு முட்டினால் கிளம்பாது, அக்கா இறங்கி வருவாள். அவ்வளவுதான் என் திட்டம். அப்படியே கெட்டுப்போனாலும் புதுசு கொடுத்துவிடுவார்கள். புதுசு வருவதற்குள் எனக்கும் பன்னிரண்டு ஆகிவிடும். குச்சி உள்ளே முறிந்தது. குல்லாவை மாட்டிவிட்டுப் போய்ப் பொரி வாங்கிக்கொண்டேன்.

விமானம் கிளம்பியது. கிளம்பும் முன் சித்தப்பா குல்லாவை எடுத்தார். முனையில் காய்ந்திருந்த சந்தனம் அவர் கையால் வைத்த பொட்டாகத்தான் தெரிந்திருக்கும். புல்வெளியில் ஓடி, தேயிலையைத் தாண்டி, பள்ளத்துக்கு மேலே அது எழும்பியபோது என் வயிற்றில் எரிந்தது பயம் இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது பொறாமைதான். அக்காவின் மஞ்சள் ரிப்பன் தெரிந்தது. லைன் முழுக்கக் கை ஆட்டியது. நான் கையைப் பாவாடைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன்.

இறங்கும்போதுதான் துரைக்கு வேகம் தெரியவில்லை. கிளம்பும்போது கவனிக்கவில்லை, மேலே போய்ப் பார்த்தால் முள் ஏறவே இல்லை என்று பிறகு சொன்னார். மெதுவாக வந்தால் கீழே விழுந்துவிடுவோமோ என்று பயந்து மிகவும் வேகமாக வந்து தொட்டிருக்கிறார். விமானம் புல்வெளியில் நிற்காமல் ஓடித் தேயிலைச் செடிக்குள் புகுந்து கவிழ்ந்தது. பள்ளத்துக்கு இன்னும் பத்தடிதான் இருந்தது. அப்பா ஓடின ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. துரைக்கு நெற்றி கிழிந்தது. அக்காவின் இடது கை முழங்கையில் ஒடிந்து வேறு பக்கம் திரும்பியிருந்தது.

ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். துரையின் சம்சாரம் ஹார்லிக்ஸும் ஆரஞ்சும் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்த ஆரஞ்சைப் பார்த்தும் எனக்கு வயிறு எரிந்தது என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் நடந்தபடி எழுதுவதாகச் சொல்லிவிட்டேன். அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: “மேல இருந்து பாத்தா நம்ம லைன் தீப்பெட்டி அடுக்கி வெச்ச மாதிரி இருந்துச்சு. ஆளெல்லாம் எறும்பு. உன்னைய மட்டும் கண்டுபிடிச்சிட்டேன். நீ ஒருத்திதான் கை ஆட்டாம நின்ன.”

அடுத்த வாரம் இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் கோயம்புத்தூரிலிருந்து வந்தார். வளைவுகளில் வாந்தி எடுத்துச் சோர்ந்து, அப்பாவிடம் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி முகர்ந்துகொண்டே விமானத்தைச் சுற்றிவந்தார். போட்டோ எடுத்தார், அளந்தார். கடைசியில் அந்த மூக்குக்குள் கம்பியை விட்டு இழுத்தார். கெட்டியாகக் காய்ந்த சந்தனம் உதிர்ந்தது. கூடவே அரை விரல் நீளத்துக்கு ஊதுவத்திக் குச்சி.

இதை யார் வைத்தது என்று கேட்டார். துரை, அப்பா, சித்தப்பா மூன்று பேரும் அவர் உள்ளங்கையைப் பார்த்தார்கள். நான் அப்பாவின் பின்னால் நின்றிருந்தேன். சித்தப்பா குச்சியைப் பார்த்தார். அப்புறம் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பார்க்கவில்லை. சட்டைப் பித்தான் சரியாகப் போட்டிருக்கிறேனா என்று பார்ப்பாரே, அவ்வளவு நேரம்தான்.

“நாந்தானுங்க” என்றார். “பூஜையில கொஞ்சம் அதிகமா அப்பிட்டனுங்க.”

“குச்சி?”

“மூக்குக்குள்ளயும் சாமி சந்தனம் இருக்கட்டும்னு குத்தி உட்டனுங்க.”

வந்தவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினார். பார்த்துக்கொள்ள வேண்டிய ஆளே செய்த அசட்டைக்குக் கம்பெனி பணம் கொடுக்காது என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். புதுசும் வரவில்லை, பழசுக்கும் ஒன்றும் வரவில்லை. அந்தக் காகிதத்தில் அக்காவின் கைக்கு என்ன எழுதியிருந்தது என்று நான் அதுவரை நினைத்துப் பார்த்ததே இல்லை.

துரை கத்தவில்லை. “உன்னை நம்பித்தானேப்பா என் உசுரையும் அந்தப் புள்ள உசுரையும் குடுத்தேன்” என்று மட்டும் சொன்னார். பெங்களூர் பேச்சு அதோடு முடிந்தது. ஃபிட்டர் வேலையும் போய், ஃபாக்டரியில் இலை வாட்டும் மாடிக்கு மாற்றினார்கள். ரிட்டயர் ஆகும்வரை அங்கேயே இலை பரப்பினார். பொண்ணு பார்க்கப் போன இரண்டு இடத்திலும் இந்தச் சங்கதி அவருக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. கடைசிவரை அவருக்குக் கல்யாணம் நடக்கவில்லை.

இன்சூரன்ஸ்காரர் வந்துபோன அன்று சாயங்காலம் நான் மாரியம்மன் கோயிலுக்கு ஓடினேன். யாருக்கும் தெரியாமல் காப்பாற்று என்று ஒரு வாரமாக வேண்டிக்கொண்டிருந்தேன். காப்பாற்றிவிட்டாள். பதினோரு சுற்று நேர்ந்திருந்தேன். சித்தப்பா கோயில் படியில் உட்கார்ந்திருந்தார். கையில் அந்தச் சிவப்புக் குல்லா.

“எதுக்கு கண்ணு இத்தன சுத்து?” என்றார்.

“அக்கா கை நல்லாகோணும்னு.”

அவர் குல்லாவைச் சட்டைப் பைக்குள் வைத்தார். “அப்படின்னா இன்னொரு பதினொண்ணு சேத்திச் சுத்து. செருப்ப நான் பாத்துக்கறேன், போ.”

சுற்றினேன். ஒவ்வொரு தடவை முன்பக்கம் வரும்போதும் அவர் என் செருப்பைப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தது. பாவம் இந்த மனுஷர், தான்தான் சந்தனத்தை அதிகமாக வைத்துவிட்டோம் என்று நிஜமாகவே நம்புகிறார், இவ்வளவு ஏமாந்தவரா என்று அப்போது நினைத்தேன். உள்ளுக்குள் ஒரு சிரிப்புக்கூட வந்தது. ஒன்பது வயதில் எனக்கு எட்டியது அவ்வளவுதான். அன்று ஊதுவத்திக் கட்டு என் ஒருத்தி கையில்தான் இருந்தது என்பதை அவர் மறந்திருக்க மாட்டார் என்று பிற்பாடுதான் உறைத்தது.

எங்கள் சொந்தத்தில் கல்யாணம் காட்சி என்றால் இந்தக் கதையை இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். சந்தனம் பூசி ஏரோப்ளேனையே கவிழ்த்த மனுஷன் என்பார்கள். இருந்தவரை அவரும் உட்கார்ந்து சேர்ந்து சிரிப்பார். நான் பந்தி விசாரிக்கப் போய்விடுவேன். போன தை மாசம் அவர் போய்ச் சேர்ந்தார். அவர் பெட்டியில் அந்தக் குல்லா இருந்தது, வெல்வெட் உதிர்ந்து. அக்கா திருப்பூரில் இருக்கிறாள். அவள் இடது கை இன்றுவரை நேராக நீளாது. இதை அவளுக்குத்தான் முதலில் அனுப்பப் போகிறேன்.

படிக்கிறவர்களை நான் கேட்டுக்கொள்வது ஒன்றே ஒன்று. உங்கள் வீட்டில், உங்கள் பந்தியில் யாரிடமாவது இதைச் சொன்னால், சின்னப் பிள்ளை தெரியாமல் செய்தது என்று எனக்காகக் குறைத்துச் சொல்லாதீர்கள். அவரைத் தெய்வமாக்கியும் சொல்லாதீர்கள், அவருக்கு அது பிடிக்காது. இருக்கிறபடியே சொல்லுங்கள். முக்கியமாக, அந்தக் குச்சியை விட்டுவிடாமல் சொல்லுங்கள்.