பின்னால் ஒரு ஆள்

பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் "கட்டம்" என்று பட்டப்பெயர். பெற்றவர்கள் வைத்த பெயரைச் சொன்னால் டீச்சர்களே கொஞ்சம் யோசிப்பார்கள். கட்டம் என்றால் வாட்ச்மேனுக்கும் தெரியும். இப்போது முப்பத்தாறு வயதாகிறது. நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கிற போட்டோக் கடையில் அடையாள அட்டைக்குப் படம் எடுக்கிறாள். நேராப் பாருங்க, கண்ணாடியைக் கழட்டுங்க, சிரிக்காதீங்க என்று நாள் முழுக்க மூன்றே வாக்கியம்தான் பேசுவாள். முதலாளி இரண்டு கல்யாணத்துக்கு அனுப்பிப் பார்த்தார். நன்றாகத்தான் எடுத்தாள். ஆனால் மாப்பிள்ளைக்குப் பின்னால் எவனோ நாற்காலி தூக்கிக்கொண்டு போனால், அவனை நகரச் சொல்லாமல் அவனையும் சேர்த்தே எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். முதலாளி ஒரு கும்பிடு போட்டு மறுபடி கடைக்குள்ளேயே உட்கார வைத்துவிட்டார். ஏன் அப்படி என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.

அவள் ஒன்பதாம் வகுப்பில் இருந்தபோது, எல்லாப் பிள்ளைகளுக்கும் ஓவியமும் போட்டோ எடுப்பதும் சொல்லித்தர வேண்டும் என்று மேலேயிருந்து உத்தரவு வந்தது. உத்தரவு போட்டவர்கள் அதற்கு ஒரு டீச்சரையும் போட்டிருக்கலாம். போடவில்லை. பூகோள டீச்சருக்கு வாரத்தில் இரண்டு பீரியட் ஓய்வு இருந்தது, அது பொறுக்காமல் அவர் தலையில் கட்டிவிட்டார்கள். கையில் ஒரு மெல்லிய புத்தகத்தையும் கொடுத்தார்கள்.

டீச்சர் பாவம், தெரிந்ததை வைத்துச் சமாளித்தார். போர்டில் ஒரு செவ்வகம் வரைந்து, குறுக்கே இரண்டு அட்சரேகை, நெடுக்கே இரண்டு தீர்க்கரேகை போட்டார். கோடுகள் வெட்டிக்கொள்கிற நாலு இடத்தில் ஏதாவது ஒன்றில்தான் ஆளை வைக்க வேண்டும், நடுவில் வைத்தால் அது கலையில்லை, பாஸ்போர்ட் என்றார். கோடு, வடிவம், ஒளி, நிழல், சமநிலை, முரண் என்று அவர் சொல்லச் சொல்ல, பெண்கள் ஆறுகளின் பெயரை ஒப்பிப்பதுபோல ஒப்பித்தார்கள். படத்துக்குள் எழுத்து வரக்கூடாது, வந்தால் கண் அதைப் படிக்கப் போய்விடும். முக்கியமான ஆளுக்குப் பின்னால் இன்னொரு ஆள் நிற்கக்கூடாது, நின்றால் கவனம் சிதறும். பரீட்சையில் இது இரண்டு மார்க்குக் கேள்வி.

இருபத்தெட்டுப் பேருக்கு ஒரே கேமரா, அதுவும் பழசாகிப்போயிற்று என்று யாரோ தந்தது. கேமரா கைக்கு வரும்வரை ஆளுக்கொரு அட்டையில் சன்னல் வெட்டி, குறுக்கும் நெடுக்கும் இரண்டிரண்டு நூல் கட்டி, அதன் வழியாகப் பார்த்துப் பழக வேண்டும். வகுப்பு முழுவதற்கும் அட்டை கொண்டுவந்து கொடுத்தது அவளுடைய அப்பாதான். அவர் அட்டைப்பெட்டி ஆலையில் பசை எந்திரத்தில் வேலை பார்த்தார். மற்ற பெண்கள் ஒரு வாரத்தில் அதைத் தூக்கிப் போட்டார்கள். இவள் மட்டும் கையிலிருந்து கீழே வைக்கவில்லை. தண்ணீர்க் குழாயில் நிற்கிற கூட்டத்தை, கொடியில் காய்கிற துணியை, அம்மா பாத்திரம் தேய்ப்பதை, எல்லாவற்றையும் நூலுக்குள் வைத்துப் பார்த்தாள். பேர் அப்படித்தான் வந்தது. தட்டில் இருப்பதைப் பார்க்காமல் ஓட்டையைப் பார்க்கிறாளே என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். உள்ளுக்குள் அவளுக்கும் பெருமைதான்.

கூடவே ஒரு நோட்டு. பக்கத்துக்கு நடுவே கோடு போட்டு, இடது பக்கம் "உள்ளே", வலது பக்கம் "வெளியே" என்று எழுத வேண்டும். படத்தில் எதை வைத்தோம், எதை விட்டோம், ஏன் விட்டோம். திங்கள்கிழமை டீச்சர் படித்துப் பார்த்து, சிவப்பு மையில் தேதி போட்டுக் கையெழுத்துப் போடுவார். கேமராவில் இடம் குறைவு என்பதால் அதற்கும் ஒரு சட்டம் இருந்தது. வார விடுமுறையில் பத்துப் படம் எடுக்கலாம். திங்களன்று ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, மீதி ஒன்பதை டீச்சர் கண்முன்னே அழிக்க வேண்டும். தேர்ந்தெடுப்பதும் கலைதான் என்று புத்தகத்தில் போட்டிருந்தது.

அவள் முறை வந்த ஞாயிற்றுக்கிழமை, அப்பாவுக்கு மதியச் சாப்பாடு எடுத்துக்கொண்டு ஆலைக்குப் போனாள். அப்பா அங்கே எட்டு வருடமாக வேலை செய்தார். ஆனால் ஆலையின் பதிவேட்டில் அவர் கிடையாது. ஒப்பந்தக்காரர் கூட்டிவருகிற ஆள். அட்டை கிடையாது, எண் கிடையாது. அந்த மனிதருக்கு அதெல்லாம் உறைக்கவே இல்லை. "நம்ம கம்பெனி" என்றுதான் வாய் நிறையச் சொல்வார்.

மகள் படம் எடுக்கப்போகிறாள் என்றதும் ஓடிப்போய் முகம் கழுவி வந்தார். நாலாவது வரிசையில், கம்பெனிப் பெயர் எழுதிய பலகைக்கு நேர் கீழே, கையை விறைப்பாகத் தொங்கவிட்டு அணிவகுப்பில் நிற்பவர்போல நின்றார். "பேரு தெரியுற மாதிரி எடும்மா" என்றார். அவர் மனசு கோணக்கூடாது என்று ஒன்று எடுத்தாள். பிறகு தன் வேலையை ஆரம்பித்தாள். அப்பாவை எந்திரத்துக்கு இந்தப் பக்கம் திரும்பச் சொன்னாள். உயரத்துச் சன்னலிலிருந்து சாய்வாக விழுந்த வெயிலில் காகிதத் தூசி பறந்துகொண்டிருந்தது. அதில் பாதி முகமும் ஒரு கையும் மட்டும் தெரிய, மற்றதெல்லாம் இருட்டில் போயிற்று. அவர் பின்னால் ஒருவன் அட்டைக் கட்டு அடுக்கிக்கொண்டு நின்றான். அண்ணா கொஞ்சம் நகருங்க என்றாள். நகர்ந்தான். குனிந்து பார்த்தால் மறுபடி அவன் தோள் தெரிந்தது. இன்னும் தள்ளிப் போங்க என்றாள். நான் இருந்தா படம் கெட்டுடுமா என்று கேட்டுக்கொண்டே சிரித்தபடி தூணுக்குப் பின்னால் போய் நின்றான். அவள் அழுத்தினாள்.

திங்களன்று அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒன்பதை அழித்தாள். பலகைக்குக் கீழே நின்ற அப்பாதான் முதலில் போனார். எழுத்து, நடு, விறைப்பு என்று ஒரே படத்தில் மூன்று தப்பு. டீச்சர் வகுப்புக்கே படத்தைக் காட்டினார். நோட்டில் "வெளியே" என்ற பக்கத்தைப் படித்துவிட்டு, மிக நன்று என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

பதினோராம் நாள், வியாழக்கிழமை, இரண்டாவது பீரியடில், ஆலை எரிகிற புகை வகுப்புச் சன்னலிலேயே தெரிந்தது.

காகிதமும் பசையும் இருக்கிற இடம். மறுநாள்வரை அணையவில்லை. செத்தவர்கள் என்று பத்துப் பேர் பெயரை ஆலைக்காரர்கள் எழுதிக் கதவில் ஒட்டினார்கள். அப்பா பெயர் இல்லை. இந்தப் பத்துப் பேர்தான் எங்கள் ஆட்கள், வேறு யாரும் உள்ளே இல்லை என்று அடித்துச் சொன்னார்கள். ஒப்பந்தக்காரர் போன இடம் தெரியவில்லை. எட்டு வருடம் அப்பாவிடம் வணக்கம் வாங்கிய வாட்ச்மேன், எனக்குத் தெரியாதும்மா என்று கையை விரித்தார். தப்பித்தவர்களுக்கு வேறு ஆலையில் வேலை தருவதாகச் சொல்லியிருந்தார்கள், அவர்கள் வாயில் பூட்டு. ஒரு வாரத்தில் தெருவில் பேச்சு மாறியது. ஆள் எங்கேயோ ஓடிப்போயிட்டான், தீயைச் சாக்கு வச்சுக்கிட்டான் என்று ஒரு சித்தப்பாவே சொன்னார். சாம்பலில் பொறுக்கிய எலும்பைப் பட்டியலில் இருப்பவர்கள் வீட்டுக்குத்தான் தருவார்களாம். அம்மா தினமும் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். புருஷன் செத்துப்போனான் என்று நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டும், அவளுக்கு வேண்டியது அவ்வளவுதான். இதற்குப் போய் ஒரு பெண்பிள்ளை கெஞ்ச வேண்டியிருந்தது.

விசாரணை அதிகாரி ஒருவர் வந்து நகராட்சிக் கூடத்தில் உட்கார்ந்தார். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அம்மாவையும் அவளையும் அந்தப் படத்தோடு கூட்டிக்கொண்டு போனார். கம்பெனி வக்கீல் படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். படம் ரொம்ப அழகா இருக்கு, ஆனா இது எந்த இடம், சமையல்கட்டாக்கூட இருக்கலாமே என்றார். அவர் சொன்னது பொய்யில்லை. முகமும் கையும் வெளிச்சமும் தவிர அதில் எதுவுமே இல்லை. பலகையோடும் ஒரு படம் எடுத்தாள் என்று மாமா சொல்ல, அது எங்கே என்று அதிகாரி கேட்டார். அழித்துவிட்டதாகச் சொன்னபோது அம்மா அவளைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுதான் அம்மாவுக்கே அது தெரியும்.

நோட்டை ஞாபகப்படுத்தியது பூகோள டீச்சர். வேலைக்கு ஆபத்து என்று தெரிந்தும் வந்தார், இது என் கையெழுத்துதான், அழிக்கச் சொன்னதும் நான்தான் என்று சொன்னார். அதிகாரி "வெளியே" பக்கத்தை உரக்கப் படித்தார். கம்பெனிப் பெயர்ப் பலகை. தூணில் நாலு என்ற எண். சங்கிலி சுற்றிய பசை டிரம். கைப்பிடி உடைந்த தள்ளுவண்டி. பின்னால் ஒரு ஆள். சாம்பலில் எடுத்த பொருட்களின் பட்டியலை வரவழைத்து ஒப்பிட்டார். நாலாவது தூணருகே சங்கிலி சுற்றிய டிரம் இருந்தது, ஒரு பக்கக் கைப்பிடியோடு தள்ளுவண்டியும் இருந்தது. தீக்குப் பத்து நாள் முன்னால் தேதி போட்ட நோட்டு. வக்கீல் முகம் சுண்டிப்போயிற்று.

போகிற போக்கில் வக்கீல் ஒன்று கேட்டார்.

"பின்னால் ஒரு ஆள்னு எழுதியிருக்கியே, அது யாரு?"

நோட்டில் இல்லாத ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று மாமா வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்திருந்தார். பதினாலு வயசு.

"தெரியாது. முகத்தைப் பார்க்கலை."

அதை எழுதி, கீழே கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மூன்று நாளில் உத்தரவு வரும் என்றார் அதிகாரி. அதற்குள் பிள்ளை பேச்சை மாற்றினால் எல்லாமே சொல்லிக்கொடுத்த பேச்சு என்று எடுத்துக்கொள்ள வேண்டும் என வக்கீல் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

மறுநாள் மதியம் ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றாள். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். உள்ளே வரச் சொன்னதற்கு வரவில்லை, தண்ணீர் கொடுத்ததற்குக் குடிக்கவில்லை. வெளியூர்க்காரி. புருஷன் ஆலையில் சேர்ந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது, அவரும் பட்டியலில் இல்லை, தெருவில் அவரைத் தெரிந்தவர்களும் இல்லை. நோட்டில் எழுதியிருந்ததைக் கூடத்தில் யாரோ சொல்லக் கேட்டு, விசாரித்து விசாரித்து வந்திருக்கிறாள்.

"அது என் வீட்டுக்காரரா இருக்குமோன்னு கேக்க வந்தேன் பாப்பா. ஒல்லியா இருப்பார். சிரிச்சா மேல்பல்லு ரெண்டுக்கும் நடுவுல சந்து தெரியும். யாரு என்ன சொன்னாலும் சிரிச்சுடுவார்."

அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பல் சந்து, அட்டைக் கட்டின்மேல் கையை ஊன்றிக்கொண்டு அவன் நின்ற நிலை, எல்லாம் கண்முன்னால் வந்தது. வாயைத் திறந்தாள். அதற்குள் அம்மா முன்னால் வந்துவிட்டாள்.

"அவ பார்க்கலைம்மா. அதிகாரிகிட்டயும் அதைத்தான் சொல்லியிருக்கா."

அந்தப் பெண் அம்மாவைப் பார்க்கவில்லை. இவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்க்கலையா பாப்பா? நல்லா யோசிச்சுச் சொல்லு."

அம்மாவின் கை அவள் தோளில் இருந்தது. அழுத்தவில்லை. சும்மா இருந்தது.

"பார்க்கலை" என்றாள்.

சரி என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் படி இறங்கிப் போனாள். அம்மா சுவரைப் பார்த்தபடி, "என்னை என்ன வேணா திட்டிக்கோ. வாயை மட்டும் திறந்துடாதே, அப்பா பேரும் போயிடும்" என்றாள். அம்மாவைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. அம்மாவாவது பயத்தில் சொன்னாள். அந்த ஆளை இரண்டு முறை தள்ளிப்போகச் சொன்னது அவள்தானே.

உத்தரவு வந்தது. அப்பா பெயர் பதினோராவதாகப் பட்டியலில் ஏறியது. பதினொன்றோடு பட்டியலை மூடினார்கள். தெருவில் ஓடிப்போனவன் என்று பேசியவர்கள் வந்து துக்கம் விசாரித்தார்கள், சித்தப்பா எல்லோரையும்விடச் சத்தமாக அழுதார். அடுத்த வாரம் அம்மாவும் அவளும் மாமாவும் போய் வரிசையில் நின்று பெட்டியை வாங்கினார்கள். கொடுத்த குமாஸ்தா நல்ல மனிதர், தாழ்ந்த குரலில்தான் பேசினார்.

"நாலாவது வரிசையில கிடைச்சது எல்லாமே இதுலதான் இருக்கும்மா. வேற யாரும் அங்க இல்லேன்னு உத்தரவுல இருக்கு, அதனால பிரிச்சுப் பார்க்கலை."

அம்மாவுக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியாது. ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது, "அப்பாவைப் பிடிச்சுக்கோ" என்று ஒரு பக்கத்தை அவள் கையில் கொடுத்தாள். அவள் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்குள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் அப்பா. மற்றவர் பெயர் என்ன என்று, வாசலில் வந்து நின்ற அந்தப் பெண்ணிடம் அவள் கேட்டிருக்கவில்லை.