சகாயராணி டீச்சரின் ஆறு கட்டை

ஐரினைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொல்லிவிட்டால் போதும், சகாயராணி டீச்சருக்கு வயிறு எரியும். பொறாமையா என்று கேட்டால் சண்டைக்கு வருவார். பொறாமைதான், பின்னே வேறென்ன?

டீச்சரும் லேசுப்பட்டவர் இல்லை. திண்டுக்கல்லிலிருந்து மதுரைக்குப் பஸ் ஏறிப் போய் முறையாகக் கர்நாடக சங்கீதம் படித்தவர். பெண்கள் பலர் தொடத் தயங்கும் ஆறு கட்டைச் சுருதியில் அந்தக் காலத்தில் அலட்டிக்கொள்ளாமல் பாடுவார். ஆனால் கிடைத்ததென்னவோ வத்தலக்குண்டு கல்யாண மண்டபக் கச்சேரிகள். இவர் உயிரைக் கொடுத்துப் பாட, சனம் பந்திக்கு இடம் பிடிக்க ஓடும். பிறகு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர் வேலை, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவில் பாடகர் குழு. குழுவை மட்டும் ராணுவம் மாதிரி வைத்திருந்தார். பூசை நேரத்தில் குசுகுசுவென்று பேசக்கூடாது. தனிப்பாட்டுக்குக் கீபோர்டில் யாருடைய கட்டை ஒலிக்கிறதோ அவர் மைக்குக்கு வரவேண்டும், மற்றவர் விலகிவிடவேண்டும். இதெல்லாம் அவர் போட்ட சட்டம்.

அந்தக் குழுவில் வளர்ந்தவள்தான் ஐரின். இப்போது சென்னை சபாக்களில் பாடுகிறாள். அவள் வீடியோ வரும்போதெல்லாம் டீச்சர் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருவார், எங்காவது சுருதி விலகாதா என்று. விலகித் தொலைக்காது. அதைவிடக் கொடுமை, ஒவ்வொரு பேட்டியிலும் அவள் 'எங்க திண்டுக்கல் டீச்சர்' என்று மறக்காமல் சொல்லிவிடுவாள். திட்டவும் வழியில்லை.

இந்த வருஷத் திருவிழாப் பூசையில் நன்றிப் பாட்டை ஐரின் பாடட்டும் என்று பங்குச்சாமியார் சொல்லிவிட்டார். வருஷா வருஷம் டீச்சர் பாடும் பாட்டு. சரி சாமி என்று சிரித்துவிட்டு வந்தவர், வீட்டில் சோற்றைத் தொடவில்லை.

திருவிழாக் காலையில் கீபோர்டு வாசிக்கும் ஆல்வினைத் தனியாகக் கூப்பிட்டார். ஐரினுடைய ஐந்து கட்டை வேண்டாம், ஆறில் வை என்றார். பாட்டு ரொம்ப மேலே போகுமே என்று அவன் இழுத்தான்.

"ஏலே, சொன்னதச் செய்யி."

உச்சத்தில் அவள் குரல் கிழியவேண்டும். ஒரே ஒரு தடவை, ஊர் பார்க்க. அவ்வளவுதான் டீச்சரின் ஆசை.

கீபோர்டு ஒலித்ததும் மைக் முன்னால் நின்ற ஐரின் திடுக்கிட்டுத் திரும்பினாள். அப்புறம் முகமெல்லாம் மலர, மைக்கை விட்டு விலகி, வாங்க என்று கையைக் காட்டினாள். குழுவே டீச்சரைப் பார்த்தது.

டீச்சர் நாலரைக் கட்டைக்கு இறங்கிப் பல வருஷமாகியிருந்தது. ஆறு தன்னுடைய கட்டை என்பதையே அவர் மறந்துபோயிருந்தார். ஐரின் மறக்கவில்லை; சென்னைக்குப் போய்விட்ட அவளுக்கு டீச்சர் இறங்கியது தெரியாது. சட்டப்படி இப்போது டீச்சர்தான் பாடவேண்டும்.

போனார். பல்லவியை எப்படியோ ஒப்பேற்றினார். சரணத்தில் மேலே ஏறும்போது வெறும் காற்றுதான் வந்தது. அந்த நொடியே பக்கத்திலிருந்து ஐரினின் குரல் எழுந்து அந்த இடத்தை நிரப்பியது. பாவி மகளுக்கு ஆறும் எட்டியது! குருவும் சிஷ்யையும் சேர்ந்து பாடியதாகவே சனத்துக்குப் பட்டது, எல்லாரும் உருகிப்போனார்கள்.

பூசை முடிந்ததும் கோவில் வாசலில் ஐரின் ஓடிவந்து டீச்சர் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது.

"சின்னப் பிள்ளையில கேட்ட கட்டை டீச்சர். நீங்கதான் பாடப் போறீகன்னு தெரிஞ்சதும் எனக்கு அம்புட்டு சந்தோசம்."

விஷயம் புரிந்து, அவள் வேண்டுமென்றே பழிவாங்கியிருந்தால்கூட டீச்சருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் முகத்தில் கள்ளமே இல்லை.

"நல்லா இரு தாயி," என்றார் டீச்சர். ஆறு கட்டையில் பாடியதைவிட அதைச் சொல்வது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.