வேதகிரி வாத்தியார் அடைவைத்த முட்டை

"எங்க சார் போணும்?" என்று உத்திரமேரூர் பஸ்ஸில் கண்டக்டர் கேட்டால், "நீ இன்னா நெனைக்கிற?" என்று திருப்பிக் கேட்கிறார் வேதகிரி வாத்தியார். ஆறு வருஷமாக ஒரே பள்ளிக்கூட நிறுத்தத்தில் இறங்குகிறவர். கண்டக்டர் தலையில் அடித்துக்கொண்டு டிக்கெட்டைக் கிழிக்கிறார்.

காஞ்சிபுரத்தில் பத்து நாள் பயிற்சிக்குப் போய் வந்ததிலிருந்துதான் இந்த வியாதி. பிள்ளைகள் கேட்டால் விடையைச் சொல்லாதே, தேட விடு என்று அங்கே சொன்னார்களாம். மனுஷர் அதை வீட்டுக்கும் கொண்டுபோய்விட்டார். "கொழம்புல உப்பு கீதா?" என்று மனைவி ரேணுகா கேட்டாள். கேள்வியே திரும்பி வந்தது. மறுநாளிலிருந்து அவர் தட்டுக்குப் பக்கத்தில் உப்பு ஜாடியை வைத்துவிட்டு, அவள் பாட்டுக்கு டி.வி. பார்க்கிறாள்.

போன மாதம், இரண்டாம் வகுப்பு இந்து, வாரத்துக்கு ஒன்றாக வரும் சத்துணவு முட்டையைக் கையில் உருட்டிக்கொண்டே, "சார், அவிச்ச முட்டைய அட வெச்சா குஞ்சு வருமா?" என்றாள்.

"தெரியலியே. வெச்சுப் பாக்கலாமா?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

இந்து தன் முட்டையைத் தியாகம் செய்தாள். சத்துணவு சமைக்கும் சொக்கம்மாள் தன் அடைக்கோழியைக் கொண்டுவந்து கொடுத்தாள். "என் கோயிக்கு இன்னா கெட்ட நேரமோ!" என்று புலம்பிக்கொண்டேதான் கொடுத்தாள். கரும்பலகைக்குக் கீழே கூடை. கோழி மிரளக் கூடாதென்று வகுப்பே வாய்ப்பாட்டைக் கிசுகிசுத்தது. ஊர் வயிறு வலிக்கச் சிரித்தது.

நேற்று, குஞ்சு பொரிக்க வேண்டிய இருபத்தோராம் நாள். பார்த்து அன்றைக்கா கல்வி அதிகாரி வரவேண்டும்! வாத்தியார் முட்டையை உடைத்தார். நாற்றம் தாங்காமல் அதிகாரி வராந்தாவுக்கு ஓடினார். பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இன்னும் குனிந்து பார்த்தார்கள்.

அதிகாரி ஜன்னல் வழியாகக் கத்தினார். "அவிச்ச முட்டை பொரிக்காதுன்னு இப்பவே சொல்லிக் கொடுங்க. இல்லேன்னா உங்களை மாத்தச் சொல்லி எழுதிடுவேன்!"

வேதகிரி பாதி கட்டிய வீடு உத்திரமேரூரில் கூரையில்லாமல் நிற்கிறது. ஒரே ஒரு வார்த்தை, சொன்னால் பிழைத்தார். வாயைத் திறந்தும்விட்டார், பாவம்.

அதற்குள் இந்து நிமிர்ந்தாள். "சார், கோயி மேல தப்பா, முட்ட மேல தப்பா? இதே கோயிக்கு அவிச்சது ஒண்ணு, பச்ச முட்ட ஒண்ணு, ரெண்டும் சேத்து வெச்சாத்தான தெரியும்?"

வாத்தியார் அதிகாரியை ஒருமுறை பார்த்தார். பிறகு தன் டிபன் டப்பாவைத் திறந்து, மதியத்துக்கு வைத்திருந்த அவித்த முட்டையை எடுத்தார். ஓட்டின்மேல் பென்சிலால் தேதி எழுதினார். கோழியை மெல்லத் தூக்கி, பக்கத்தில் ஒரு பச்சை முட்டைக்கு இடம் விட்டு, அவித்ததைக் கூடையில் வைத்தார்.