கொட்டாயில் தொங்கிய பட்டதாரி

கறுப்பு அங்கியும் தட்டைத் தொப்பியுமாக நான் நிற்கும் படம் ஒன்று உண்டு. கள்ளக்குறிச்சி ஸ்டூடியோவில் வாடகைக்கு மாட்டிய அங்கி அது. எனக்கு முன்னால் எத்தனை பட்டதாரிகளின் வியர்வையைக் குடித்திருந்ததோ, புளித்த வாடை அடித்தது. கையில் ரிப்பன் கட்டிய ஒரு சுருள். அது பட்டம் இல்லை. ஸ்டூடியோக்காரர் எல்லோருக்கும் பிடித்துக்கொள்ளக் கொடுக்கும் வெறும் காகிதம். எங்கள் தெருவில் கல்லூரியை முடித்த முதல் ஆள் நான் என்பதால், படம் சாமி படங்களுக்குப் பக்கத்திலேயே இடம்பிடித்தது. ஒரு நாள் காலையில் அண்ணி அதைக் கழற்றி எடுத்துப்போய் மாட்டுக் கொட்டாயில் தொங்கவிட்டார்.

நான் படித்தது விலங்கியல். நைனார்பாளையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் அந்தப் படிப்புக்கு ஒரே அர்த்தம்தான்: மாட்டு டாக்டர். ஆடு கழிந்தாலும் எருமை செனை பிடிக்காவிட்டாலும் என்னைத் தேடி வந்தார்கள். தெரியாது என்று சொன்னால், படித்த திமிர் என்றார்கள். படத்தைக் கழற்றாதீர்கள் என்று அண்ணியிடம் கெஞ்சினேன். “மாட்டு டாக்டருக்குப் படிச்சவரு படம் மாட்டுங்ககிட்டதான இருக்கணும்?” என்றார். “நாங்க தவளையும் கரப்பான்பூச்சியும்தான் அறுத்தோம் அண்ணி.” “இருக்கட்டும் தம்பி. சின்னதுல ஆரம்பிச்சாதான பெருசுக்கு வர முடியும்?” அவர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. அண்ணி அஞ்சாம் வகுப்போடு நின்றவர். வாய்ச் சாமர்த்தியத்தில் எங்கள் பேராசிரியர்கள் யாரும் அவர் பக்கத்தில் நிற்க முடியாது.

வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்துவிட்டு டீக்கடைப் பேப்பரில் விளம்பரம் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. என்னோடு படித்த ஒருவன் அரிசி மண்டியில் மூட்டைக்குத் துண்டுச்சீட்டு போட்டான். இன்னொருவன் மெட்ராஸுக்குப் போய் மெஸ்ஸில் பந்தி விசாரித்தான். நான் எங்கும் போகவில்லை. அப்பா கெட்டவர் இல்லை. கரும்பிலும் மரவள்ளியிலும் முதுகு வளைந்தவர், பிள்ளையாவது சட்டையில் சேறு படாமல் சம்பாதிக்கட்டும் என்று ஆசைப்பட்டார். சேறும் படவில்லை, சம்பாத்தியமும் வரவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் எதிர்ச்சுவரில் இருந்த படத்தைப் பார்த்து, “இந்த அங்கி சோறு போடுமாடா?” என்பார். நான் பாதியில் எழுந்துவிடுவேன். பிறகு எப்போதோ அந்தப் பேச்சு கம்மியாகிவிட்டது. திட்டித் திட்டி அலுத்துப்போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

இடஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராக மறியல் நடந்த வருஷங்கள் அவை. அண்ணன் கூட்டத்துக்கெல்லாம் போனார். “நமக்குனு ஒரு பங்கு வந்துட்டா உனுக்கு வேல தன்னால வரும்டா” என்பார். அவர் நம்பிக்கை அவ்வளவும் என்மேல்தான் இருந்தது. சாலையை அடைத்த அந்த வாரம் கோடாலியைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். ரோட்டோரப் புளியமரங்கள் குறுக்கே விழுந்தன. பஸ் இல்லை, லாரி இல்லை, ஊர் மூச்சுவிடும் சத்தம்கூடக் கேட்கும்போல இருந்தது.

அந்த வாரத்தில்தான் அண்ணியின் செவலைப் பசுவுக்கு முதல் ஈத்து வந்தது. அவர் தாய்வீட்டிலிருந்து சீராக வந்த பசுவின் கன்று அது; கைக்குழந்தையாட்டம் வளர்த்தார். உச்சி வெயிலில், பிறக்க வேண்டிய கன்றின் ஒரு முன்னங்கால் மட்டும் வெளியே வந்து நின்றுவிட்டது. மாடு முக்கி முக்கிக் கீழே சாய்ந்தது. மருத்துவரை அழைத்துவரச் சைக்கிளில் கிளம்பிய பங்காளி ஒருவர், மரங்களைத் தாண்டி மருத்துவரின் வண்டி வராது என்று திரும்பிவிட்டார். அப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டு குனிந்தார்.

“வேணாம் மாமா, தம்பி பாக்கட்டும்” என்றார் அண்ணி.

நான் ஓர் எட்டு பின்னால் போனேன். சுவரில் தொங்கிய நானோ அங்கியும் தொப்பியுமாக அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். “எனக்குத் தெரியாது அண்ணி, செத்துப்போயிடும்” என்றேன். அவர் என் முழங்கை வரை விளக்கெண்ணெயை ஊற்றித் தடவினார். “சும்மா இருந்தாலும் சாவத்தான் போவுது. கைய வுடுங்க.” உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது. கன்றின் தலை தட்டுப்பட்டது. இன்னொரு கால் முட்டியோடு மடங்கிக் கிடந்தது. மாடு முக்காத நேரம் பார்த்துக் கன்றை மெல்ல உள்ளே தள்ளி, குளம்பை உள்ளங்கைக்குள் பொத்தி, நிமிர்த்தி முன்னால் கொண்டுவந்தேன். பிறகு அப்பாவும் சேர்ந்து இழுத்தார். கன்று வந்தது. உயிர் இல்லை. செவலை மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

சாயங்காலம் வந்த அண்ணன் விஷயத்தைக் கேட்டுக் கோடாலியை இறக்கி வைத்தார். எனக்காக அவர் சாய்த்த மரம்தான் வழியை மறித்திருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவரே மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்க் கன்றுக்குக் குழி வெட்டினார். “மாட்டு டாக்டரு கன்ன கொன்னுட்டாராமே” என்று கேட்டு வந்தவர்களிடம் அண்ணி, “மாட்ட காப்பாத்திட்டாரு, வந்து பாருங்க” என்று கையைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினார்.

வழி திறந்ததும், நான் செய்ததில் எது தப்பு என்று கேட்கவே சைக்கிளில் அந்தக் கால்நடை மருத்துவரிடம் போனேன். நேரம் கடந்துவிட்டது, உங்கள் தப்பு இல்லை என்றார் அவர். அடுத்த வாரம் கல்வராயன் மலையில் தடுப்பூசி முகாம், கூடமாட ஆள் வேண்டும், வர முடியுமா என்றும் கேட்டார். ஜீப்பில் ஐஸ் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வெள்ளிமலை ஏறினேன். மலையில் மாடு வைத்திருந்தவர்கள், அடுத்த தடவை பூச்சி மருந்தும் தாது உப்பும் வாங்கி வரச் சொன்னார்கள். வாங்கிப்போனேன். அதுவே தொழிலாகி, கள்ளக்குறிச்சியில் தீவனமும் கால்நடை மருந்தும் விற்கும் கடையாக நிற்கிறது. அண்ணன் கேட்ட பங்கு பின்னால் வந்தது. அதற்குள் நான் இந்தத் தொழிலில் ஊன்றிவிட்டேன். எங்கள் தங்கையின் மகள் அந்த ஒதுக்கீட்டில்தான் படித்தாள்; அண்ணனுக்கு அதில் பெரிய நிறைவு.

கொட்டாயைப் பிரித்தபோது படத்தைக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். போன மாதம் கண் பார்க்க வந்த அண்ணி தீவன மூட்டைமேல் உட்கார்ந்து மோர் குடித்துக்கொண்டிருந்தார். மருந்து வாங்க வந்தவர் படத்தைக் காட்டி, “டாக்டருங்களா?” என்றார். இல்லை என்று சிரித்துவிட்டு, “ஊரையே நம்ப வச்சது நீங்கதான்” என்று அண்ணியைச் சீண்டினேன்.

“நான் எங்க நம்பனேன்? மாமா சோத்துல கைய வச்சிகினே அத பாத்து உங்கள வைவாரு. நீங்க பாதியில எழுந்து போவீங்க. எத்தினி நாளு பாத்துகினு இருக்கறது? அதான் கொட்டாயில மாட்டுனேன். கேக்கறவங்களுக்கு இன்னா சொல்றது? மாட்டு டாக்டருனு சொல்லிட்டேன்.”

காலி மோர்ச் சொம்பை அவர் கையிலிருந்து வாங்கினேன். “அப்ப அன்னிக்கி என்னை எதுக்குக் கை விடச் சொன்னீங்க?”

“வூட்ல மத்த எல்லாம் காப்பு காச்ச கை தம்பி. மாமா வுட்டிருந்தா கிழிச்சிருக்கும். உங்குளுதுதான் வேல வெட்டி இல்லாம மெத்துனு இருந்துச்சு.”

மருந்து வாங்க வந்தவர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன், கண் கலங்கியதை மறைக்கவில்லை. அண்ணி எழுந்து புதுக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்துக்குக் கிட்டே போனார். சாணித் துளி காய்ந்த கண்ணாடிக்குப் பின்னால், வெறும் காகிதச் சுருளைப் பிடித்திருந்த என் விரல்களையே பார்த்தார்.

“படத்துல கை நல்லா வுழுந்திருக்கு தம்பி” என்றார்.